பர்பன் பீப்பாயா, ஷெர்ரி பீப்பாயா: காரைக்குடி வெயிலில் எது நிற்கும்?

சிங்கப்பூரிலிருந்து வருகிற சொந்தக்காரர் “என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்டால், விஸ்கி வேண்டாம், பீப்பாயில் ஊறிய ஏல் (பீரில் ஒரு வகை) போதும் என்று சொல்ல எங்கள் பக்கத்திலும் சிலர் இருக்கிறோம். வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். அதனால் எந்த வகை என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். என் ஓட்டு, ஷெர்ரி என்கிற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய பார்லி ஒயினுக்கு. பெயரில்தான் ஒயின், பார்லி மால்ட்டில் காய்ச்சிய கெட்டியான ஏல் அது.

எதிரில் நிற்பது பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய ஸ்டவுட், அதாவது கருக வறுத்த மால்ட்டில் காய்ச்சிய கறுப்பு ஏல். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் ஆலை காய்ச்சும் பர்பன் கவுன்ட்டி இதில் பேர்போனது. பர்பனை உள்பக்கம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் பீர் காய்ச்சுகிறவர்களிடம் போய்ச் சேர்கிறது. வனிலாவும் தேங்காய் வாசனையும் அந்த ஓக் தருவது. முதல் மடக்கில் ஸ்டவுட்தான் ஜெயிக்கும், மறுக்க மாட்டேன். கவுனரிசியோடு அது பிரமாதம்.

போதையில் இரண்டும் சளைத்தவை அல்ல. மிளகு தூக்கலான கோழி வறுவலோடு இரண்டுமே வேண்டாம்; ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.

சரி, ஷெர்ரி பக்கம் ஏன் சாய்ந்தேன்? வெயில்தான். இந்த ஏல்களை 12, 13 டிகிரி செல்சியஸில் வைத்து முதிர விடுவது வழக்கம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், சித்திரையில் உள்ளறை அந்த அளவுக்குக் குளிராது. சூடு ஏற ஏற, புட்டிக்குள் மாட்டிய கொஞ்சம் ஆக்சிஜனும் வேகமாக வேலை செய்யும். ஸ்டவுட்டில் வனிலா மங்கி, சோயா சாஸ் வாடை தலைதூக்கும். ஷெர்ரியிலோ, அதிலும் ஒலொரோசோ வகையில், உலர்திராட்சை, வால்நட் ருசியே காற்றுபட்டு வந்ததுதான். ஆகவே அந்தப் பீப்பாயில் ஊறிய ஏல் கொஞ்சம் முதிர்ந்தாலும் அதே திசையில்தான் போகும், நஷ்டம் சீக்கிரம் நாக்கில் படாது. அளவு மீறினால் இதற்கும் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஃப்ரிட்ஜில் வைத்தால் போச்சு, அண்ணே” என்பான் சித்தப்பா மகன். வைக்கலாம். மாவும் மோரும் இருக்கிற இடத்தில் ஒரு புட்டி வருடக்கணக்கில் படுத்திருக்க எங்கள் வீட்டு ஆச்சி சம்மதிக்க வேண்டுமே!

கிடைத்தால் மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸ் பீர் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல் என்கிற பார்லி ஒயினைக் கேளுங்கள். 1986 முதல் வருகிறது, ஆல்கஹால் 11.5 சதவீதம். போர்ட் ஒயின், கால்வடோஸ் என்கிற ஆப்பிள் பிராந்தி, லகவூலின் விஸ்கி பீப்பாய்களில் ஊறியவையும் உண்டு. ஷெர்ரி என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நான் குடித்ததெல்லாம் ஓரிரு வருடத்துச் சரக்கு. பத்து வருடம் வைப்பதாக இருந்தால் என் பேச்சை நம்ப வேண்டாம்.

ஸ்டவுட்தான் வேண்டும் என்கிறவர்கள் மார்கழியில் வருகிற ஆளிடம் சொல்லிவிடுங்கள். பங்குனி வெயில் ஏறுவதற்குள் காலி செய்துவிடலாம்.