ஸ்டட்கார்ட் கிளே கோர்ட் டென்னிஸ் ஃபைனல், டிக்கெட் காசு வீண் போகல

2025 ஏப்ரல்ல ஜெர்மனியோட ஸ்டட்கார்ட் போர்ஷே அரீனால பெண்கள் டென்னிஸ் ஒற்றையர் ஃபைனல் நேர்ல பாத்தேங்க, மேல கூரை இருக்கறதால மழை வந்து மேட்ச் நிக்குமோங்கற பயமே இல்ல, களிமண் தரைல சறுக்கிட்டே போய் பந்த எடுக்கும்போது சர்ருன்னு வருது பாருங்க ஒரு சத்தம், டிவில அது இந்த அளவுக்கு கேக்கவே கேக்காது. லாத்வியா வீராங்கனை ஒஸ்டாபென்கோ அடிச்ச அடி இருக்கே, அம்மாடி! அப்போ உலக நம்பர் 1 வீராங்கனையா இருந்த சபலென்காவயே 6-4, 6-1னு முடிச்சிட்டாங்க. சபலென்காவுக்கு இங்க இது நாலாவது ஃபைனல், நாலுமே தோல்வி, பாவம், மனசே கஷ்டமாயிடுச்சு. ஜெயிச்சவங்களுக்கு போர்ஷே கார் பரிசு. செட் முடிஞ்சதும் பெரிய வலைய இழுத்துட்டு ஓடி மண்ண சமமாக்கறாங்க, பந்து விழுந்த தடமெல்லாம் அப்படியே அழிஞ்சு போகுது, அத பாக்கறதே தனி சுகம். போறவங்க கீழ் வரிசை சீட்டா பாத்து எடுங்க.