காவடி நடந்த கால்களுக்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டு: ஒரு நர்ஸின் மதிப்பீடு

மொரீஷியஸில் தைப்பூசம் கோடையின் நடுவில் வருகிறது. ஆற்றங்கரையில் காவடியைத் தோளில் ஏற்றியவர் கோயில் வாசலை அடையும்வரை கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறார். சிலர் ஆணிப் பாதரட்சையோடும் நடக்கிறார்கள். நான் அரசு மருத்துவமனை வார்டுகளில் புண்களுக்குக் கட்டுப்போட்டு ஓய்வுபெற்ற நர்ஸ். காத்ர் போர்னில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு நடந்தவர்களில் எங்கள் தெருக்காரர்கள் பலர் மறுநாள் என் வீட்டுக்கு வந்து காலை நீட்டுவார்கள். அவர்களுக்காக நான் வாங்கி வைக்கும் பொருட்களில் ஹைட்ரோகொலாய்டு ஒட்டு முதன்மையானது. பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. அடிப்படை ஒன்றே என்பதால், எந்த நிறுவனத்தின் பெட்டி என்று சொல்லாமல் இந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

பார்வைக்கு இது தோல் நிறத்தில், சற்றுத் தடித்த ரப்பர் தாள்போல் இருக்கும். வெளிப்பக்கம் தண்ணீர் புகாத பாலியூரித்தேன் படலம். உட்பக்கம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பெக்டின், பெரும்பாலும் ஜெலட்டின் ஆகியவை கலந்த பசை. புண்ணிலிருந்து கசியும் நீரை இந்தப் பசை உறிஞ்சிக் கூழாக மாறுகிறது. குதிகாலுக்கென்று முட்டை வடிவில் வெட்டியவையும், வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளப் பத்து சென்டிமீட்டர் சதுரத் தாள்களும் கிடைக்கின்றன. நான் சதுரத் தாளையே வாங்குவேன். ஆளுக்கு ஆள் புண்ணின் அளவு வேறுபடும். புண்ணின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது நல்ல தோலின்மேல் படியவேண்டும். முட்டை வடிவங்கள் பலருக்கு அந்த அளவு போதாமல் போகின்றன.

இதை ஒட்டப் போனால் எல்லா வீட்டிலும் பெரியவர் ஒருவர் தடுப்பார்: "புண்ணை மூடாதே, காற்றாட விடு, பொருக்குக் கட்டட்டும்." அன்போடு சொல்லும் சொல்தான். ஆனால் தோல் செல்களின் வழி வேறு. காயம் பட்டதும் ஓரத்திலுள்ள மேல்தோல் செல்கள் பக்கத்துச் செல்களோடு இருந்த பிடிப்பைத் தளர்த்திக்கொண்டு புண்ணின் மேற்பரப்பில் ஊர்ந்து வரத் தொடங்குகின்றன. ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த பொருக்கு இருந்தால், அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, இடையில் இருப்பதை நொதியால் கரைத்து வழி உண்டாக்கிக்கொண்டே நகரவேண்டும். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962இல் இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், சிலவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. மறு ஆண்டே ஹின்மன், மைபாக் என்ற இருவர் மனிதத் தோலிலும் அதையே கண்டார்கள். இன்று நம் மருந்துக்கடைகளில் தொங்கும் ஈர ஒட்டுகள் எல்லாம் அந்தப் பன்றிக்குட்டிகளின் வழியில் வந்தவை.

பாதத்துக்கு இது இன்னும் முக்கியம். கையிலோ முழங்காலிலோ சிராய்த்தால், மயிர்க்கால்களின் வேரில் ஒளிந்திருக்கும் தோல் செல்களும் மேலே வந்து உதவும். உள்ளங்காலில் மயிர்க்கால் கிடையாது. ஓரத்துச் செல்களையும் வியர்வைச் சுரப்பிகளின் குழாய்களிலிருந்து வரும் செல்களையும் மட்டுமே நம்பவேண்டும். அதுவும் உடலின் முழு எடையும் மிதிக்கும் இடத்தில். உலர்ந்த பொருக்கு ஒவ்வொரு அடிக்கும் வெடிக்கும், வெடிக்கும்போது அப்போதுதான் படர்ந்த புதுத்தோலையும் கிழிக்கும். ஒட்டு இந்த வெடிப்பைத் தடுக்கிறது. நடக்கும்போது வலி குறைகிறது என்று எல்லோரும் உடனே சொல்வதற்கு இன்னொரு காரணம், திறந்துகிடந்த நரம்பு முனைகள் காற்றில் உலராமல் ஈரத்தில் இருப்பது.

ஒட்டு போடுவதற்கு முந்தைய வேலையை யாரும் அவசரப்பட்டு முடிக்கக்கூடாது. தார் சுட்டு எழுந்த கொப்புளம் என்றால் முதலில் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை வேண்டாம், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் நிச்சயம் பலன் உண்டு. கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள். உடலே கொடுத்த கட்டு அது. உடைந்த கொப்புளமாக இருந்தால் மணலும் தார்த்துகளும் போகும்வரை கழுவவேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிக்காவ் என்ற விலங்கியல் ஆய்வாளர் ஒரு நட்சத்திரமீன் குஞ்சின் ஒளிபுகும் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் திரண்டு நின்றன. அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசைப் பால் எர்லிக் என்ற ஆய்வாளரோடு பகிர்ந்துகொண்டார். நம் காலுக்குள் தங்கிவிட்ட கருந்துகளையும் செல்கள் அதேபோல் சூழ்ந்து நிற்கும். விழுங்க முடியாத அளவாக இருந்தால் பல செல்கள் ஒன்றாக இணைந்து பெருஞ்செல்லாகி அதைச் சுற்றிக்கொள்ளும். புண் ஆறவேண்டிய நாட்கள் அந்தப் போராட்டத்தில் கழியும். திருநீற்றுக்கும் இதையே சொல்கிறேன். நெற்றியில் பூசுங்கள், திறந்த புண்ணுக்குள் வைத்து அடைக்காதீர்கள். அழுக்கை உள்ளே வைத்து ஒட்டி மூடுவதைவிட ஒட்டாமலே விடுவது நல்லது.

இரண்டாம் நாள் பலருக்குப் பயம் வரும். ஓரம் சிவக்கிறது, சூடாக இருக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கையும் ரோமாபுரியின் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே அழற்சியின் அடையாளங்களாக எழுதி வைத்தார். காயம் பட்ட சில நிமிடங்களில் தட்டணுக்களும் ஃபைப்ரின் நாரும் குருதியை அடைக்கின்றன. தோலுக்குள் காவல் நிற்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை விடுவிக்க, சுற்றியுள்ள குருதி நுண்குழாய்கள் விரிந்து கசிகின்றன. அந்த விரிவே சிவப்பும் சூடும், அந்தக் கசிவே வீக்கம். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாகப் பிதுங்கி வெளியே வருகின்றன. ஓரிரு நாளில் அவை உச்சத்தை அடைந்து கிருமிகளை விழுங்கி மடிகின்றன. அடுத்து வருவன மேக்ரோஃபேஜ் செல்கள். இடிந்த வீட்டின் கல்லையும் மண்ணையும் அள்ளிப்போட்டுவிட்டு அடுத்த வேலைக்குக் கொத்தனாரையும் அழைக்கும் மேஸ்திரி இவை. இறந்த செல்களை விழுங்கிவிட்டு, வளர்ச்சிக் காரணிகளை விடுவித்து, நாரிழை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் புதிய நுண்குழாய்களையும் வரவழைக்கின்றன. இந்தச் சிவப்பை அடக்குகிறேன் என்று சிலர் வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஸ்டீராய்டு வெள்ளணுக்களின் வருகையையும், தோலுக்கு வலுக் கொடுக்கும் நாராகிய கொலாஜனின் உற்பத்தியையும் ஒருசேரக் குறைத்துவிடும். முதல் மூன்று நாட்களின் சிவப்பு நம் பக்கம் நிற்பது. மூன்றாம் நாளுக்குப் பிறகும் அது பரவினால், வலி குறையாமல் கூடினால், காய்ச்சல் வந்தால், காலில் சிவப்புக் கோடு ஏறினால், அப்போது ஒட்டைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

இந்தப் பொருளைப் பற்றி எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி கூழைப் பற்றியது. பஸ் ஓட்டும் ஒரு தம்பி ஐந்தாம் நாள் வேலை முடிந்து நேராக வந்து, "அக்கா, உள்ளே முழுக்கச் சீழ் பிடித்துவிட்டது, நாறுகிறது" என்றார். முகமே வெளுத்திருந்தது. ஒட்டின் ஓரத்தைத் தூக்கினால் மஞ்சளும் பழுப்புமாகக் கொழகொழவென்று கூழ், ஒருவிதப் புளித்த நாற்றம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காட்டினேன். அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, சுத்தமான புதுச்சதை, ஓரங்களில் முத்து நிறத்தில் படரும் புதுத்தோல். நாற்றம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. பசையும் கசிவுநீரும் கலந்தால் அப்படித்தான் இருக்கும். கழுவிய பிறகும் நாற்றம் இருந்தால், அடித்தளம் பச்சையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால், அதுதான் கவலைப்படவேண்டியது. பெட்டிக்குள் வைக்கும் தாளில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு படம் போட்டிருந்தால் எத்தனையோ பேர் பயந்துபோய் நல்ல ஒட்டைப் பிய்த்து எறியாமல் இருப்பார்கள். இந்த ஒரு குறைக்காக நான் முழு மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.

அடிக்கடி பிரித்துப் பார்ப்பதும் கூடாது. கூழ் ஓரத்துக்கு வந்து கசியும்வரை, அல்லது ஏழு நாள்வரை, அப்படியே இருக்கட்டும். பிரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு ஒட்டியபடி பக்கவாட்டில் நீட்டினால் பசை தானாக விடும். வயதானவர்களின் மெல்லிய தோலை இந்தப் பசை உரித்துவிடும் என்பதால், எழுபதைத் தாண்டியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே இதை நான் ஒட்டுவதே இல்லை.

விரதகாரர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை. ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது, மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். பத்து நாள் மரக்கறி உண்டு விரதம் காத்து நடந்தவரின் காலில் அதை ஒட்டுவதற்கு முன் சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன். எங்கள் தெருவின் முஸ்லிம் வீடுகளிலும் முதலில் இதைச் சொல்லிவிட்டே பெட்டியைத் திறப்பேன். மருந்துதானே என்று பலர் சம்மதிக்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள், இரண்டும் அவரவர் உரிமை. ஜெலட்டின் சேராத ஹைட்ரோகொலாய்டு ஒட்டுகளும் சந்தையில் உண்டு. பெட்டியின் பொருள் பட்டியலைக் கடையிலேயே படித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் ட்யூல் கிரா போதும். வாசலின் தோய்த்த அந்த வலைத்துணியைப் பிரான்ஸின் லியோன் நகரத்து ஓகுஸ்த் லுமியேர், சினிமா கண்டுபிடித்த சகோதரர்களில் மூத்தவர், முதல் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கினார். மேலே சுத்தமான பஞ்சுத்துணி வைத்துக் கட்டவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும், குளிக்கும்போது நனையும். வசதி குறைவு, விலையும் குறைவு. புண்ணை உலரவிடாமல் காப்பது என்ற அடிப்படை வேலையை அதுவும் செய்கிறது.

சர்க்கரை நோயாளிகள் இந்த ஒட்டைத் தாமாக வாங்கிப் பாதத்தில் ஒட்டவேண்டாம். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. காவடி எடுப்பவர்களிலும் பால்குடம் ஏந்துபவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். நரம்பு மரத்துப்போன பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரிவதில்லை. குருதி ஓட்டம் குறைந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் மெதுவாக வருகின்றன, வந்தவையும் மந்தமாகச் செயல்படுகின்றன. மேக்ரோஃபேஜ்கள் சுத்தம் செய்யும் நிலையிலேயே சிக்கி, கட்டும் நிலைக்கு மாறாமல் நிற்பதால் புண் வாரக்கணக்கில் அழற்சியிலேயே கிடக்கிறது. அந்தப் புண்ணை ஒரு வாரம் மூடி வைத்தால், உள்ளே கிருமி பெருகுவது வலியில்லாததால் தெரியாமலே போய்விடும். தினமும் திறந்து பார்க்கவேண்டிய புண் அது. பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள். அங்கே போய்க் காட்டுங்கள்.

ஆணி குத்திய ஆழமான துளைக்கும் இந்த ஒட்டு கூடாது. அதற்கு முதலில் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்க்கவேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திய இடத்துக்கு எந்த ஒட்டும் தேவையில்லை. வாயின் உட்சவ்வு உடலிலேயே மிக விரைவாகவும், தழும்பு குறைவாகவும் ஆறும் இடங்களில் ஒன்று.

தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருப்பது குளிப்பதற்குச் சரி. அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஒரு மதியம் கழித்துவிட்டு வந்த பிள்ளைகளின் ஒட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஓரம் சுருண்டு, சுருளில் மணல் ஏறி, அந்த மணல் குதிகாலை அறுத்துக்கொண்டிருந்தது. சுருளாமல் இருக்க இரண்டு வழிகள் உதவுகின்றன. மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், உடல்சூட்டில் பசை இளகிப் பிடிக்கும்.

புதுத்தோல் மூடியதும் எல்லாம் முடிந்தது என்று அடுத்த நாளே இறுக்கமான காலணி போட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். கொப்புளம் மட்டுமாக இருந்தால் அதிகம் கெடாது. சதைவரை கிழிந்த காயம் என்றால் உள்ளே வேலை தொடர்கிறது. அவசரத்துக்கு நெய்த மூன்றாம் வகைக் கொலாஜன் மெல்ல மெல்ல வலுவான முதல் வகையாக மாற மாதங்கள் ஆகும், ஓர் ஆண்டும் ஆகலாம். அதன் பிறகும் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் தழும்பு எட்டுவதில்லை. கொலாஜன் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். கொய்யாவும் எலுமிச்சையும் பப்பாளியும் நம் முற்றத்திலேயே இருக்கின்றன. புகைபிடிப்பவர்கள் அந்த வாரங்களிலாவது நிறுத்துங்கள். நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது.

ஐந்து தாள் கொண்ட பெட்டி சில நூறு ரூபாய் ஆகிறது. சிறிய வருமானத்துக்கு அது கனமான செலவுதான். சில மருந்துக்கடைகளில் உறை பிரிக்காத தனித்தாளாகவும் கேட்டால் தருகிறார்கள். ஒரு கொப்புளத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு தாள் போதும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள், ஜெலட்டின் இல்லாதது வேண்டுமென்றால் இன்னும் முன்னதாகவே சொல்லி வைத்து வரவழையுங்கள்.