உணவுக்குழாய் கேன்சருக்கு ஆப்ல சர்ஜன் தேடி 1,80,000 போச்சு, நீங்களாவது ஏமாறாதீங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. அந்த ஆப் பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் போட மாட்டேன், அண்ணன் வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கான், அது முடியற வரைக்கும் பேரு வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா எந்த மாதிரி ஆப்னு சொன்னா உங்களுக்கே தெரியும். எந்த ஆபரேஷனா இருந்தாலும் நாங்களே டாக்டர் பார்த்து, ஆஸ்பத்திரி பார்த்து, ரூம் போட்டு எல்லாம் பண்ணித் தர்றோம்னு விளம்பரம் வருமே, அந்த வகை.

அப்பாவுக்கு ரெண்டு மாசமாவே மாத்திரை தொண்டைக்குக் கீழ நிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தாரு. நாங்க கேஸ் ட்ரபிள்னு நெனச்சோம். அவரும் யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை ஸ்பூனால நுணுக்கி தண்ணில கரைச்சுக் குடிச்சிருக்காரு. கெட்டியான எதுவும் இறங்கல, அப்புறம் குழைச்சதும் இறங்கலன்னு ஆனப்பதான் எண்டோஸ்கோபி. ரிப்போர்ட்ல "28 செ.மீ"ல கட்டின்னு இருந்துச்சு, சதை எடுத்துப் பாத்த பயாப்ஸில ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு ஒரு வகை கேன்சர்னு வந்துச்சு. எடுத்த டாக்டர் "உணவுக்குழாய் ஆபரேஷன் நல்லாப் பண்ற சர்ஜனா பாருங்க, நேரம் கடத்தாதீங்க"ன்னு சொன்னாரு. நேரம் கடத்தாதீங்கன்றது மட்டும் என் காதுல விழுந்துச்சு. நல்லாப் பண்ற சர்ஜனை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரியே போன்ல தேடினேன். தேடின பத்தாவது நிமிஷம் அந்த ஆப்ல இருந்து கால். பேசின பொண்ணு குரலே அவ்ளோ இதமா இருந்துச்சு. "அக்கா, உங்க அப்பா எங்க அப்பா மாதிரிக்கா, ரிப்போர்ட்ட மட்டும் அனுப்புங்க, மிச்சத்தை நான் பாத்துக்குறேன்". 11:20க்கு வாய்ஸ் நோட் அனுப்புச்சு, இன்னும் என் போன்ல இருக்கு. மறுநாள் காலைல அப்பாகிட்டயே பேசணும்னு கேட்டுச்சு. குடுத்தேன். ரிப்போர்ட் வந்த நாள்ல இருந்து ஒரு வார்த்தை சரியா பேசாத மனுஷன், அந்தப் பொண்ணுகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினாரு. "தைரியமா இருங்கப்பா, மூணே நாள்ல ஆபரேஷன், பத்து நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்"னு அது சொல்ல, இவரு சிரிச்சாரு. போனை என்கிட்ட குடுத்துட்டு "நல்ல புள்ளையா இருக்கு, கட்டிடும்மா"ன்னாரு. அந்த சிரிப்புக்குத்தான் நான் பணம் கட்டினேன், வேற எதையும் பாக்கல.

பேக்கேஜ் 2,20,000 அட்வான்ஸாம், அன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா 40,000 தள்ளுபடியாம். கேன்சருக்குத் தள்ளுபடி! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். 1,80,000ஐ ஒரே தடவையா அனுப்பினேன். ஆப்ல அந்த சர்ஜனோட பேஜ்ல 4.9 ஸ்டார், ஆயிரக்கணக்குல ரிவியூ, "15,000க்கும் மேல ஆபரேஷன் செய்தவர்"னு போட்டிருந்துச்சு. அந்த 15,000ல உணவுக்குழாய் எத்தனைன்னு கேக்கத் தோணல பாருங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனா வெயிட்டிங் ஹால் சுவர் முழுக்க மூலம், ஹெர்னியா, பித்தப்பைக் கல் போஸ்டர். உக்காந்திருந்தவங்க எல்லாருமே அந்தக் கேஸ்தான். ரெண்டு மணி நேரம் கழிச்சு உள்ள கூப்பிட்டாங்க, மொத்தமா ஆறு நிமிஷம். அந்த சர்ஜன் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு "கீழதான் இருக்கு, வயித்துல சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோபிலயே முடிச்சிடலாம், வியாழக்கிழமை அட்மிட் ஆகுங்க"ன்னாரு. சிடி வேணாமா சார், கேன்சர் எங்கெல்லாம் பரவியிருக்குன்னு பாக்குற பெட் ஸ்கேன் எடுக்கணும்னு படிச்சேனேன்னு கேட்டதுக்கு "ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்". கீமோ, ரேடியேஷன் டாக்டர் யாரையாவது பாக்கணுமா? "அவங்க அப்புறம் வருவாங்க". அண்ணன்தான் கொஞ்சம் துணிஞ்சு "சார், போன வருஷம் நீங்க இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணீங்க"ன்னு கேட்டான். அவர் முகம் மாறிடுச்சு. "என் மேல நம்பிக்கை இல்லன்னா வேற இடம் பாருங்க". கேள்விக்குப் பதில் அது இல்லையே! வெளிய வந்து அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னான், வேணாம்னு. நான் பணம் கட்டியாச்சேன்னு அவன்கூட நடு ரோட்டுல சண்டை போட்டேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

வேணாம்னு சொன்ன நிமிஷத்துல இருந்து கதையே வேற. அக்கா அக்கான்னு கூப்பிட்ட பொண்ணு "மேடம்"னு ஆரம்பிச்சுச்சு. பணத்தைத் திருப்பிக் கேட்டா, புகார் டிக்கெட் போட்டிருக்கு மேடம், ஏழு வேலை நாள் மேடம். ஏழு நாள் கழிச்சுக் கேட்டா அந்தப் பொண்ணு லீவு, அப்புறம் வேற டீம், அப்புறம் நம்பரே ஸ்விட்ச் ஆஃப். புதுசா பேசினவன் பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு அங்க கேளுங்கன்றான், ஆஸ்பத்திரி பில்லிங்ல எங்ககிட்ட ஒரு பைசா வரல ஆப்ல கேளுங்கன்றாங்க, ரெண்டு பேரையும் கான்ஃபரன்ஸ் கால்ல போட்டேன், ரெண்டு பேரும் கட் பண்ணிட்டாங்க. கடைசியா ஒரு மெயில் வந்துச்சு, "ஆலோசனை நடந்துவிட்டதால் தொகை திருப்பித் தரப்படாது, விதிமுறைகளைப் பார்க்கவும்". ஆறு நிமிஷ ஆலோசனைக்கு 1,80,000. நிமிஷத்துக்கு முப்பதாயிரம். ரிவியூ எழுதினேன், அடுத்த நாளே காணோம், 4.9 அப்படியேதான் நிக்குது. அதுக்கும் மேல, நல்லெண்ணத்துக்காகன்னு சொல்லி முழு உடல் பரிசோதனைக்கு ஒரு கூப்பன் அனுப்பியிருக்காங்க, ஆறு மாசம் செல்லுமாம். கேன்சர் வந்த வீட்டுக்கு செக்கப் கூப்பன்!

பணம் போனது ஒரு பக்கம். இந்த இழுபறில 19 நாள் போச்சு. 64 கிலோ இருந்த அப்பா 58க்கு வந்துட்டாரு, தண்ணியே கஷ்டப்பட்டு இறங்குது.

அப்புறம் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க சொல்லி, கேன்சருக்குன்னே இருக்குற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க வரிசைல நின்னோம், யாரும் அக்கான்னு கூப்பிடல, சிரிக்கக்கூட இல்ல. ஆனா அந்த சர்ஜன் அதே ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அப்பா நெஞ்சுல விரல் வச்சுக் காட்டினாரு. 28ன்றது முன்பல்லுல இருந்து அளக்குற கணக்காம், உணவுக்குழாய் வயித்துல சேருற இடம் ஏறக்குறைய 40ல வருமாம், மூச்சுக்குழாய் ரெண்டா பிரியுற இடம் 25 பக்கம். அப்படின்னா கட்டி நெஞ்சுக்கு நடுவுல, மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கு. "இதை வயித்து வழியா மட்டும் எடுக்க முடியாதும்மா, நெஞ்சைத் திறக்கணும், இல்ல நெஞ்சுல கேமரா போட்டாவது பண்ணணும், வயித்தைக் குழாய் மாதிரி ஆக்கி மேல கழுத்து வரைக்கும் இழுத்து ஒட்டணும், அந்த ஒட்டு கசிஞ்சா அதைச் சமாளிக்கிற ஐசியு, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஸ்கேன் பாக்குற ஆளு எல்லாம் வேணும்"னாரு. அந்தாளு "கீழதான் இருக்கு"ன்னு சொன்னது ஞாபகம் வந்து எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. அந்த வியாழக்கிழமை அட்மிட் ஆகியிருந்தா?

பெட் சிடி, மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா, நுரையீரல் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. "நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன், ட்யூமர் போர்டுல வச்சுத்தான் சொல்லுவோம்"னாரு, கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் பாக்குறவங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேசுறதாம் அது. முதல்ல ஆபரேஷனே இல்ல. வாரம் ஒரு கீமோ, கூடவே 23 ரேடியேஷன், அஞ்சு வாரம், அப்புறம் சில வாரம் உடம்பைத் தேத்தி, திரும்ப ஸ்கேன் பாத்துத்தான் ஆபரேஷனாம். மூணு நாள்ல ஆபரேஷன்னு கேட்டு அப்பா சிரிச்சது எவ்ளோ பெரிய பொய்க்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

அண்ணன் அதே கேள்வியை இங்கயும் கேட்டான், தயங்கித் தயங்கி. இவர் கோவப்படல. போன வருஷம் இத்தனை பண்ணோம், இத்தனை பேருக்கு ஒட்டு கசிஞ்சுது, இத்தனை பேர் வீட்டுக்குப் போகலன்னு அவரே சொன்னாரு. கேட்கவே பயமாதான் இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. ராத்திரி தூக்கம் வராம இதைப் பத்திப் படிச்சேன். 2002ல அமெரிக்காவுல மெடிகேர்னு வயசானவங்களுக்கு இருக்குற அரசாங்க இன்சூரன்ஸ் கணக்கை வச்சுப் பாத்திருக்காங்க, இந்த ஆபரேஷனை ரொம்பக் கம்மியா பண்ற ஆஸ்பத்திரில நூத்துக்கு 20 பேர் இறந்திருக்காங்க, நிறைய பண்ற இடத்துல 8 பேர். நெதர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி வருஷத்துக்கு 20 உணவுக்குழாய் ஆபரேஷனாவது பண்ணணும்னு 2011ல விதி கொண்டு வந்தாங்க. நான் ஸ்டார் எண்ணிட்டு இருந்தேன்.

என்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், நேரம் இல்ல, வேகமா சொல்லிடறேன். பணம் கட்டுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, ஆப்ல பேசுற ஆளை இல்ல. போன வருஷம் நீங்களே உணவுக்குழாய் எத்தனை பண்ணீங்கன்னு கேளுங்க, மொத்த ஆபரேஷன் கணக்கு வேணாம், கோவப்பட்டா எழுந்து வந்துடுங்க. ஸ்கேன் முழுசா எடுக்காம, கீமோ ரேடியேஷன் டாக்டர்கிட்ட கேக்காம தேதி குறிச்சா சந்தேகப்படுங்க. ரொம்ப ஆரம்ப நிலைன்னா எண்டோஸ்கோபிலயே எடுத்துடலாமாம், மேல கழுத்துக்கிட்டன்னா ஆபரேஷன் இல்லாம கீமோ ரேடியேஷன்லயே போவாங்களாம், அதனால எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ்னு ஒருத்தன் சொன்னா அதுவே பொய். எடை குறைஞ்சா சாப்பாடு உள்ள விடுற ஃபீடிங் ட்யூப் பத்தி முதல் நாளே கேளுங்க, நாங்க கேக்காம விட்டோம். சாட், வாய்ஸ் நோட், ரசீது எதையும் அழிக்காதீங்க. தள்ளுபடி ராத்திரி 12 மணியோட முடியுதுன்னா போனை வச்சுட்டுத் தூங்குங்க.

அந்த 1,80,000 வராதுன்னு அண்ணன் சொல்றான். நான் விட மாட்டேன், தினமும் ஒரு மெயில் போடறேன்.

மணி ஆறாகுது, அப்பாவுக்கு ட்யூப்ல 200 மில்லி குடுக்கணும், தலைமாட்டைத் தூக்கி வச்சு மெதுவா விடணும், முடிச்சதும் தண்ணி விட்டுக் கழுவணும். கமெண்ட்ல கேட்டா ராத்திரி பதில் சொல்றேன்.