அதே 72 பாத்திகள்: சிஆர்டியா, ஆர்பிடியா, ஸ்ப்ளிட் பிளாட்டா?

ஃப்ராங்க் யேட்ஸ் 1935-இல் வெளியிட்ட ஓட்ஸ் பயிர்ச் சோதனை, புள்ளியியல் படிக்கிறவர்கள் பலரும் எப்போதாவது கைவைத்திருக்கும் தரவு. ஆர் மென்பொருளின் மாஸ் தொகுப்பில் அப்படியே கிடைக்கிறது. ரகங்கள் மூன்று: கோல்டன் ரெயின், மார்வெல்லஸ், விக்டரி. தழைச்சத்து நாலு அளவில்: ஏக்கருக்கு 0, 0.2, 0.4, 0.6 ஹண்ட்ரட்வெயிட் (ஒன்று 112 பவுண்டு). பிளாக், அதாவது நிலத்தை வகுத்த பகுதிகள், ஆறு. மொத்தம் 72 பாத்தி, பாத்திக்கு ஒரு விளைச்சல் எண், கால் பவுண்டுக் கணக்கில். இதை எந்த வடிவமைப்பாக எடுத்துக் கணக்கிட வேண்டும் என்பதுதான் கேள்வி: முழுச் சீரற்ற வடிவமைப்பா (சிஆர்டி), பிளாக்குக்குள் சீரற்ற வடிவமைப்பா (ஆர்பிடி), பெரிய பாத்தியைத் துண்டாக்கும் பிளவுப் பாத்தி வடிவமைப்பா (ஸ்ப்ளிட் பிளாட்)?

இதில் காரணி எது, நிலை எத்தனை என்று கேட்டால் யாரும் திணற மாட்டார்கள். ரகம், தழைச்சத்து என இரண்டு காரணிகள். மூன்று நிலையும் நாலு நிலையும் சேர்ந்து 12 ட்ரீட்மென்ட். அளந்தது விளைச்சல். பிளாக்கையும் காரணிப் பட்டியலில் சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு. அது நிலத்தின் ஏற்றத்தாழ்வை ஒதுக்கி வைக்கப் போட்ட வரப்பு. அதன் விளைவைத் தெரிந்துகொள்ளவா யாரும் சோதனை போட்டார்கள்?

இடறுவது அடுத்த கேள்வியில்தான்: சோதனை அலகு, அதாவது குலுக்கலில் ஒரு நிலை போய்ச் சேர்கிற நிலத்துண்டு, எது? 72 எண் இருக்கிறதே, அலகும் 72 என்று எழுதிவிடுவார்கள். எக்ஸெல் தாளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிளாக், ரகம், உரம், விளைச்சல் என்று நாலு பத்தி, 72 வரி. எந்த வடிவமைப்பில் சோதனை நடந்திருந்தாலும் தாள் இதேதான். எந்தப் பாத்திக்கு எது என்று சீட்டு எப்படிக் குலுக்கினார்கள் என்பது தாளில் ஏறுவதே இல்லை.

அதனால் இதே எண்களை மூன்று விதமாகவும் அனோவா போட்டுப் பார்க்கலாம். அனோவா என்பது விளைச்சலின் மொத்த வேறுபாட்டை (வர்க்கக் கூட்டுத்தொகை) காரணிகளுக்கும் பிழைக்கும் பங்கு பிரிக்கிற கணக்கு. டிஎஃப் என்பது கட்டின்மை எண், ஒரு மதிப்பீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுதந்திரமான தகவல்களின் எண்ணிக்கை. காரணியின் சராசரி வர்க்கத்தைப் பிழையின் சராசரி வர்க்கத்தால் வகுத்தால் எஃப்.

| வடிவமைப்பு | பிழையின் சராசரி வர்க்கம் (டிஎஃப்) | ரகத்தின் எஃப் | தழைச்சத்தின் எஃப் |
|---|---|---|---|
| சிஆர்டி | 497.6 (60) | 1.8 | 13.4 |
| ஆர்பிடி | 254.2 (55) | 3.5 | 26.3 |
| ஸ்ப்ளிட் பிளாட் | ரகத்துக்கு 601.3 (10), உரத்துக்கு 177.1 (45) | 1.5 | 37.7 |

சிஆர்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 72 பாத்திக்கும் ஒரே குலுக்கல் என்று வைத்துக்கொள்கிற கணக்கு இது. பிளாக்குகளுக்கிடையே உள்ள வேறுபாடு 5 டிஎஃப்-இல் 15,875 வர்க்கக் கூட்டுத்தொகையை விழுங்குகிறது. சிஆர்டி அதை முழுக்கப் பிழையில் கொட்டிவிடும். தொட்டிச் செடிக்கும் ஆய்வகக் குடுவைக்கும் சிஆர்டி போதும். திறந்தவெளி நிலத்தில் அதைப் போடுகிறவருக்கு நிலம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். எனக்கு இல்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஆர்பிடி என்றால் ஒவ்வொரு பிளாக்கிலும் 12 ட்ரீட்மென்டையும் 12 பாத்திகளுக்குள் தனித்தனியாகக் குலுக்கியிருக்க வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டால் ரகத்தின் எஃப் 3.5, ஐந்து சதவீத எல்லை (வித்தியாசமே இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து தடவை எஃப் தாண்டுகிற அளவு) சுமார் 3.2. ரகங்களுக்குள் வித்தியாசம் உண்டு என்று அறிக்கை எழுதிவிடலாம். மார்வெல்லஸின் சராசரி 109.8, விக்டரியின் சராசரி 97.6, பார்க்கவும் நம்பும்படி இருக்கிறது.

ஆனால் யேட்ஸின் சோதனையில் நடந்தது அதுவல்ல. ஒவ்வொரு பிளாக்கையும் முதலில் மூன்று பெரிய பாத்திகளாகப் பிரித்து, ரகங்களை அவற்றுக்குள் குலுக்கினார்கள். பிறகு ஒவ்வொரு பெரிய பாத்தியையும் நாலு துண்டாக்கி, உர அளவுகளைத் துண்டுகளுக்குள் குலுக்கினார்கள். ஆக, ரகத்துக்குச் சோதனை அலகு பெரிய பாத்தி. அவை 18 மட்டுமே. உரத்துக்கு அலகு சின்னப் பாத்தி, அதுதான் 72. ஒரே சோதனையில் இரண்டு வகை அலகு, இரண்டு வகைப் பிழை. ரகத்துக்கு உரிய பிழை 601.3, அதற்கு டிஎஃப் வெறும் 10, எஃப் 1.5, எல்லை 4.1. வித்தியாசம் நிரூபணமாகவில்லை.

ஆர்பிடிக் கணக்கு செய்தது என்னவென்றால், 601.3-ஐயும் 177.1-ஐயும் ஒரே அண்டாவில் கலக்கி 254.2 ஆக்கி, அதை இரண்டு காரணிக்கும் பரிமாறியது. ரகத்துக்குப் பிழை குறைந்து தெரிந்தது, உரத்துக்குக் கூடித் தெரிந்தது. இரண்டு ரகச் சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை (அந்த வித்தியாசம் எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) உண்மையில் 7.1, ஆர்பிடி அதை 4.6 என்று காட்டுகிறது. உரத்தின் எஃப் எந்தக் கணக்கிலும் எல்லையைத் தாண்டிவிடுவதால் அங்கே தப்பு வெளியே தெரியாது. 79.4-இலிருந்து 123.4 வரை ஏறுகிற விளைச்சலை யாரால் மறைக்க முடியும்?

இதற்காக ஸ்ப்ளிட் பிளாட்தான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆய்வேட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்றே அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பாத்தியில் போகிற காரணிக்குத் துல்லியம் குறையும். அதுதான் இந்த வடிவமைப்புக்குக் கொடுக்கும் விலை. நெல் வயலில் நீர்ப்பாய்ச்சலை ஒப்பிடும்போது அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். சின்னச் சின்னப் பாத்திக்குத் தனித்தனியாகத் தண்ணீர் கட்டினால் வரப்பு வழியே கசிந்து பக்கத்துப் பாத்தியின் ட்ரீட்மென்டையும் கெடுத்துவிடும். உழவு முறைக்கும் அப்படித்தான், டிராக்டர் திரும்ப இடம் வேண்டும். இந்த மாதிரிக் கட்டாயம் இல்லாமல், முக்கியக் கேள்வியே ரகம்தான் என்றிருந்தால், நான் 12 ட்ரீட்மென்டையும் ஆர்பிடியில்தான் போடுவேன். வேலை கூடும், ஆனால் ரகத்துக்கும் 55 டிஎஃப் கிடைக்கும். ஒவ்வொரு ட்ரீட்மென்டும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு தடவை வருகிற லத்தீன் சதுரத்தை இங்கே நினைக்கவே வேண்டாம். 12 ட்ரீட்மென்டுக்கு 144 பாத்தி கேட்கும்.

வேறொருவர் நடத்திய சோதனையின் தாள் மட்டும் கையில் வந்தால், அனோவாவுக்கு முன் வயல் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ரகத்தின் நாலு உர அளவும் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒட்டியே இருக்கிறதா என்று பாருங்கள். 12 பாத்திக்குள் முழுக் குலுக்கல் நடந்திருந்தால், மூன்று ரகமும் மூன்று பெரிய பாத்திக்குள் அப்படி அழகாக அடங்குவது ஒரு பிளாக்கில் 5,775-இல் ஒரு தடவைதான் நேரும். ஆறு பிளாக்கிலும் அடங்கியிருந்தால் அது ஸ்ப்ளிட் பிளாட். தலைப்பில் ஆர்பிடி என்று எழுதியிருந்தாலும்.