கோரில் கட்டிப்போட்ட விஎம்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

என் பொறுப்பில் 8 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 16 த்ரெட் (கோருக்கு இரண்டு, லினக்ஸ் ஒவ்வொன்றையும் ஒரு சிபியூவாக எண்ணும்) கொண்ட ஒரு சர்வர் இருக்கிறது. லினக்ஸ், அதில் விஎம்களை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட். ஆறு விஎம்கள், அதாவது சர்வருக்குள் தனிக் கணினிபோல இயங்கும் மெய்நிகர் கணினிகள், ஓடுகின்றன. அவற்றில் இரண்டுதான் கனமானவை: ஒன்று டேட்டாபேஸ், இன்னொன்று நாள் முழுக்க கம்பைல் செய்யும் பில்டு விஎம். இந்த இரண்டையும் மூன்று ஆண்டுகளாகக் குறிப்பிட்ட கோர்களில் மட்டுமே ஓடும்படி கட்டி, அதாவது பின் செய்து வைத்திருக்கிறேன். வேகம் கூடுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சராசரி வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அவ்வப்போது வந்த திணறல் போய்விட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

கேவிஎம்மில் ஒவ்வொரு விசிபியூவும் (விஎம்முக்குள் தெரியும் சிபியூ) ஹோஸ்ட்டில், அதாவது சர்வரின் சொந்த லினக்ஸில், ஒரு சாதாரண மென்பொருள் த்ரெட். எது எங்கே ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அதைக் காலியாக இருக்கும் கோருக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். நகரும்போதெல்லாம் பழைய கோரின் எல்1, எல்2 கேஷில் (கோருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) சேர்ந்திருந்தது கைவிட்டுப் போகும். புதிய இடத்தில் மறுபடி நிரம்ப வேண்டும். லிப்விர்ட்டின் 'விர்ஷ் விசிபியூபின்' கட்டளை அந்த அலைச்சலை நிறுத்துகிறது. கட்டளை ஒரு வரிதான். எந்த எண்ணில் கட்டுவது என்பதில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

முதலில் டேட்டாபேஸுக்கு சிபியூ எண் 0 முதல் 3 வரை, பில்டுக்கு 8 முதல் 11 வரை கொடுத்தேன். எண்கள் வேறு வேறு, ஒன்றின் வழியில் மற்றது வராது என்று நம்பினேன். ஆனால் பில்டு தொடங்கியதுமே டேட்டாபேஸ் மூச்சுத் திணறியது. கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்முக்குள், சிபியூ பயன்பாட்டைக் காட்டும் 'டாப்' திறந்தால் ஸ்டீல் நேரம் பூஜ்யம். டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் நெட்வொர்க்கை. வாரங்கள் போயின. ஒருநாள், எந்த சிபியூ எண் எந்தக் கோரில் என்று காட்டும் 'எல்எஸ்சிபியூ' பட்டியலை வரி வரியாகப் படித்தேன். சிபியூ 0க்கு நேரே கோர் 0. சிபியூ 8க்கு நேரேயும் கோர் 0. 1க்கு ஜோடி 9, 2க்கு 10. ஹைப்பர்த்ரெடிங்கில், அதாவது ஒரு கோரை இரண்டு சிபியூவாகக் காட்டும் வசதியில், ஒரே கோரின் இரண்டு பாதிகளை இரண்டு விஎம்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்!

ஸ்டீல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. விசிபியூ ஓடத் தயாராக இருந்தும் வரிசையில் காத்திருந்த நேரம்தான் ஸ்டீல். இங்கே யாருமே காத்திருக்கவில்லை. இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஒரே கோரின் கணக்குப் போடும் பகுதிகளையும் கேஷையும் பங்கு போட்டுக்கொண்டு.

சரி, மாற்றினேன். கோர் 0 முழுக்க ஹோஸ்ட்டுக்கு. க்யூஎம்யூவின் (கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் ப்ரோக்ராம்) எமுலேட்டர் த்ரெட்களும், அதாவது விசிபியூ அல்லாத அதன் மற்ற வேலைகளும், அங்கேதான். டேட்டாபேஸுக்கு 1, 2, 3 ஆகிய கோர்கள், ஜோடிகளோடு சேர்த்து. பில்டுக்கு 4, 5, 6. மிச்சமிருக்கும் ஒரு கோர் சின்ன விஎம்களுக்கு. கெஸ்ட்டுக்கும் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்ற அமைப்பைக் காட்டி, விசிபியூ 0, 1 இரண்டையும் ஒரே கோரின் ஜோடியில் கட்டினேன். இல்லாவிட்டால் கெஸ்ட்டின் ஷெட்யூலர் ஆறு முழுக் கோர்கள் இருப்பதாக நினைத்து வேலையைப் பிரிக்கும்.

'ஐசால்சிபியூஸ்' பற்றி ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுக்கும் ஒரு அமைப்பு அது. அதைக் கொடுத்துக் கோர்களை ஒதுக்கினால், அந்தக் கோர்களுக்கிடையே ஷெட்யூலர் சுமையைச் சமன் செய்யாது. விசிபியூக்களை ஒவ்வொன்றாகக் கட்டாமல் மொத்தமாக ஒரு வரம்பைக் கொடுத்தால், எல்லாம் ஒரே கோரில் குவிந்து நிற்கும். விஎம்களை நிர்வகிக்கும் இன்னொரு மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸின் 7.3ல் வந்த அஃபினிட்டி அமைப்பு (விஎம் எந்த சிபியூக்களில் ஓடலாம் என்பது) முழு க்யூஎம்யூ ப்ராசஸுக்கும் சேர்த்து வரம்பு போடுவது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அளப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆரம்பத்தில் மற்ற விஎம்களை அணைத்துவிட்டு, வேகம் அளக்கும் சிஸ்பெஞ்ச் ஓட்டினேன். முடிவு அழகாக வந்தது, ஆனால் எதற்கும் உதவவில்லை. மற்ற கோர்கள் சும்மா இருக்கும்போது செயலியின் டர்போ வசதி கடிகார வேகத்தை ஏற்றிவிடும். அந்த வேகம் பகல் சுமையில் கிடைக்காது. இப்போது பில்டு முழு மூச்சில் ஓடும்போதுதான் அளக்கிறேன். கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் ஹோஸ்ட்டின் கவர்னர் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பின் செய்தும் செய்யாமலும் மாற்றி மாற்றிப் பல சுற்று ஓட்டுகிறேன். ஒரே சுற்றை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. சராசரியைவிட, நூறில் மிக மெதுவான அந்த ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைத்தான் பார்க்கிறேன். கெஸ்ட்டுக்குள், தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது: முன்பு மில்லிநொடிக் கணக்கில் எகிறிய அதிகபட்சத் தாமதம் இப்போது மைக்ரோநொடிகளிலேயே நிற்கிறது.

இழப்பும் உண்டு. டேட்டாபேஸ் ஓய்வாக இருக்கும் நேரத்தில் அதன் மூன்று கோர்களும் சும்மா கிடக்க, பில்டு தன் மூன்றோடு மல்லுக்கட்டுகிறது. மொத்த வேலையளவு மட்டுமே முக்கியம் என்றால் கட்டாமல் விடுவதே மேல். சின்ன விஎம்களை ஒருமுறை தனித்தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு உடனே அவிழ்த்துவிட்டேன்.

போன மாதம் புதிய சர்வர் வந்தது. விஎம்களின் அமைப்பு இருக்கும் பழைய எக்ஸ்எம்எல் கோப்பை ஏற்றுவதற்கு முன் எல்எஸ்சிபியூ பார்த்தேன். அங்கே 0க்கு ஜோடி 8 இல்லை, 1. பழைய எண்களை அப்படியே போட்டிருந்தால் முதல் நாளிலேயே டேட்டாபேஸ் ஹோஸ்ட்டோடும், பில்டு சின்ன விஎம்களோடும் ஒரே கோர்களில் மோதியிருக்கும். ஜோடிப் பட்டியலைத் தாளில் எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். பின் செய்யும் எண்களை அதைப் பார்த்துத்தான் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.