சினாலஜி டி.எஸ்.224+: வீட்டுக்கு ஏற்ற நாஸ்தானா?

வீட்டுப் போன்களில் நிரம்பி வழியும் போட்டோக்கள், லேப்டாப் ஃபைல்கள், கேசட்டிலிருந்து மாற்றி வைத்த அப்பாவின் பாட்டுகள். எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். அம்மா ஹாலில் உட்கார்ந்து டிவியில் பழைய படமும் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் சினாலஜியின் டி.எஸ்.224+ வாங்கினேன். இது நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் ஃபைல்களைச் சேமித்து எடுக்கும் பெட்டி. 2023-இல் வந்தது, இரண்டு டிஸ்க் போடலாம். டிஸ்க் இதோடு வராது. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள், சி.எம்.ஆர். வகையா (தரவுத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகை) என்று பாருங்கள். டபிள்யூ.டி. ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். வகை (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் வகை) என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. ஒரு டிஸ்க் பழுதாகிப் புதிதை மாட்டும்போது, எஸ்.எம்.ஆர். டிஸ்க் எழுத ரொம்பவே திணறும். நான் சீகேட்டின் 4 டிபி ஐயன்வுல்ஃப் டிஸ்க் இரண்டு போட்டேன். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் பதிவாகும். ஆக, நமக்குக் கிடைக்கும் இடம் 4 டிபிதான்.

இப்படி இரண்டு டிஸ்க்கிலும் பதிவாவதை பேக்கப் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தம்பி மகன் போனில் இடம் காலி செய்கிறேன் என்று கொடைக்கானல் போட்டோ ஃபோல்டரையே அழித்துவிட்டான். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகக் காணாமல் போயிற்று. டிஸ்க்கை பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற ஃபைல் முறையில் ஃபார்மேட் செய்து, தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) எடுக்க வைத்திருந்ததால், முந்தைய நாள் நிலையிலிருந்து ஒரு படம் விடாமல் மீட்டேன். இந்த ஒரு வசதிக்கே காசு கொடுக்கலாம். திருட்டு, தீ, இடி மின்னல் எதற்கும் ஸ்னாப்ஷாட் உதவாது. அதனால் சினாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப் மூலம் தனி டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

படம் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். இதில் இருப்பது இன்டெல் ஜே4125 சிப். டிவிக்குப் புரியாத ஃபைலை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும் திறன் அதற்கு உண்டு. விலை குறைந்த டி.எஸ்.223ஜே-யில் ரியல்டெக் சிப்பும் 1 ஜிபி ராமும்தான். போட்டோ சேமிக்க அது போதும், இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். பெட்டியை இயக்கும் மென்பொருளான டி.எஸ்.எம்.-இன் 7.2.2 பதிப்பிலிருந்து, படம் பார்ப்பதற்கான தன் வீடியோ ஸ்டேஷனை சினாலஜி எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களிடமிருந்து ஒரு வசதியைப் பிடுங்குவது சரியில்லை. அதற்குப் பதிலாக உள்ள ஜெல்லிஃபின் மென்பொருள் இலவசம். வெளி மென்பொருட்களைத் தனியாக ஓட்ட உதவும் சினாலஜியின் கன்டெய்னர் மேனேஜரில் நிறுவினேன், நன்றாக ஓடுகிறது. 2 ஜிபி ராம் மட்டும் கஞ்சத்தனம். கூடுதலாக 4 ஜிபி போட ஒரு ஸ்லாட் இருக்கிறது.

கரன்ட் போய் வரும் ஊரில் யு.பி.எஸ். கட்டாயம். யு.எஸ்.பி. வயரால் இணைத்துவிட்டால், மின்சாரம் போனதும் பெட்டி தானே பாதுகாப்பாக நின்றுகொள்ளும். இரவில் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

4கே படம் விட்டுவிட்டு ஓடினால் உடனே நாஸைக் குறை சொல்ல வேண்டாம். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். வேகம்தான். அந்த வயரைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டுப் பாருங்கள். எங்கள் டிவியில் அதன் பிறகு படம் நிற்கவே இல்லை.