சிஸ்டம் அடிக்கடி நின்றுபோனால் "போர்டு போச்சு" என்பதை உடனே நம்பாதீர்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எஸ்டேட் வேலைக்குக் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் வருகிறவர்களின் ஆதார் நகல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை என்று வருஷம் முழுக்க வேலை ஓடும். ஆனால் கையில் காசு நிற்பது கார்த்திகை, மார்கழி இரண்டு மாதங்களில்தான். சபரிமலைக்குப் போகிற சாமிகள் தரிசன முன்பதிவுச் சீட்டை அச்செடுக்க விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து என் சிஸ்டம் ஹேங் ஆக ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யப் போய் நான் ஏமாந்த கதை இது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிற யாரும் இப்படி ஏமாறக் கூடாது.

சிஸ்டம் 2019இல் வாங்கியது. ஐ3 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஐப்பசிக் கடைசியில் நாளுக்கு ஒரு தடவை நின்றது. கார்த்திகை பிறந்ததும் நாலைந்து தடவை ஆகிவிட்டது. மவுஸ் அம்பு இருந்த இடத்திலேயே நிற்கும், கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையாது, உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

சிபியூவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். கீழே ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதவில்லை, எழுதுவதும் என் நோக்கம் இல்லை. "ஹேங் ஆகுதாக்கா? விட்டுட்டுப் போங்க, பாத்து வைக்கிறேன்" என்றார். எப்போது ஹேங் ஆகிறது, என்ன வேலை செய்யும்போது ஆகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசீதுப் புத்தகத்தில் "சிஸ்டம் ஹேங்" என்று இரண்டே சொல் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

மறுநாள் போன் வந்தது. "மதர்போர்டு அடிச்சிருச்சுக்கா. மாத்தினாத்தான் ஓடும்." சீசன் நேரம், வேறு யோசனைக்கு இடமில்லை, சரி என்றேன். போர்டுக்கு 5,500, சர்வீஸுக்கு 700, ஆக 6,200 ரூபாய். அச்சடித்த பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றார். பழைய போர்டைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து நின்றது. விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, போர்டு மாறினால் மறுபடி கேட்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைவிட, நாலாம் நாள் மறுபடியும் ஹேங். திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை "விண்டோஸ்ல கோளாறு, ஃபார்மேட் பண்ணியாச்சு" என்றார். பண்ணட்டுமா என்று கேட்கவில்லை, பண்ணியாச்சு என்றார். அதற்கு 600 ரூபாய். டெஸ்க்டாப்பில் ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பத்திரிகை மாதிரிகள், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் சி டிரைவில் இருந்தவை. அத்தனையும் போய்விட்டது. டி டிரைவில் இருந்தது மட்டும் தப்பியது. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டே நாளில் மூன்றாம் தடவையும் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகன் தேனியிலிருந்து வந்திருந்தான். பாலிடெக்னிக் முடித்தவன். சிபியூவைத் தொடவே இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் கேட்டான். "அத்தை, ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் மணி என்ன, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க, ரெண்டு நாளைக்கு எழுதி வைங்க" என்றான். எழுதினேன். பதினோரு தடவை நின்றது. அதில் ஒன்பது தடவை பிரிண்ட் கொடுத்த அடுத்த நொடி. பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல், விளக்கெல்லாம் லேசாக மங்குகிற நேரம்.

அதைப் பார்த்ததுமே ஓரளவு புரிந்துவிட்டது என்றான். ஆனாலும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். அவன் செய்ததை அப்படியே எழுதுகிறேன், இதில் முக்கால்வாசி நீங்களே வீட்டில் செய்யக்கூடியது. முதலில் டி டிரைவில் மிச்சம் இருந்ததைப் பென்டிரைவில் எடுத்து வைத்தான். அடுத்து ஹார்டு டிஸ்க். டிஸ்க் சாகப்போகிறது என்றால் முழுக்க உறைவது குறைவு. அரை நிமிஷம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடும், ஃபைல் திறக்கத் தவிக்கும், சில சமயம் உள்ளே டக் டக் என்று சத்தம் வரும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மாற்றி ஒதுக்கிய செக்டார், நிலுவையில் உள்ள செக்டார் என்று இரண்டு எண்ணிக்கை காட்டும் (செக்டார் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னச் சின்னக் கட்டம்). இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பயம் குறைவு. அவை ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும். என்னுடையதில் இரண்டும் பூஜ்யம்.

அப்புறம் சூடு. சூடு ஏறினால் முதலில் வேகம் குறையும், எல்லை தாண்டினால் சிஸ்டம் தானாகவே அணைந்துவிடும். என் சிபியூவில் ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தான். ஆனால் வேலை செய்யும்போது 60 டிகிரிக்கு மேல் போகவில்லை, அதனால் காரணம் அது இல்லை.

ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி அழுத்திப் போட்டான். மலையில் ஈரம் அதிகம், இந்த ஒன்றிலேயே சரியாகிவிடும் சிஸ்டம் நிறைய உண்டு என்றான். கழற்றின கையோடு, "அத்தை, இது 4 ஜிபி ராம் ஆச்சே?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் வாங்கியது ஒற்றை 8 ஜிபி ராம். 2019 பில்லைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன், 8 ஜிபி என்றுதான் இருந்தது. சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து சிஸ்டம் மெதுவாக இருப்பதை நான் உணர்ந்துதான் இருந்தேன், புது விண்டோஸ் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி என்ற இடத்தைப் பார்க்க அரை நிமிஷம் போதும். சர்வீஸ் முடிந்து வாங்கும்போது கடையிலேயே நின்று அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கொடுப்பதற்கு முன்னாலும் அதைப் பார்த்து போனில் படம் எடுத்து வையுங்கள்.

இருக்கிற ராமையாவது சோதிப்போம் என்று மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டான். காலையில் ஒரு பிழையும் இல்லை.

கடைசியாக மல்டிமீட்டரை எடுத்தான். சிபியூவுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்குப் பெயர் எஸ்எம்பிஎஸ். அதிலிருந்து வரும் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது 11.8 காட்டியது. "இப்ப ஒரு பிரிண்ட் குடுங்க அத்தை" என்றான். கொடுத்தேன். யுபிஎஸ் ஒரு தடவை கீக் என்றது, மீட்டர் 11.2க்கு இறங்கி ஏறியது, திரை உறைந்தது. அந்தக் கீக் சத்தத்தை நான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது யுபிஎஸ்ஸின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

லேசர் பிரிண்டர் தாளில் மையை உருக்கி ஒட்ட உருளையைச் சூடாக்கும். அந்த ஒரு கணத்தில் அது இஸ்திரிப் பெட்டி மாதிரி கரண்டை இழுக்கும். என் 600 விஏ யுபிஎஸ் தாங்குவதே சுமார் 360 வாட். அதில் சிபியூ, மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் செருகியிருந்தேன். மாலையில் வோல்டேஜும் இறங்கும். புது எஸ்எம்பிஎஸ் என்றால் அந்தச் சரிவைத் தாங்கியிருக்கலாம், என்னுடையது ஆறு வருஷப் பழசு. கழற்றி, சில நாள் கரண்ட் இல்லாமல் வைத்துவிட்டு அவன் திறந்து காட்டினான். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் இரண்டின் தலை உப்பியிருந்தது, அது கெட்டுப்போனதற்கு அடையாளம். (எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கிற அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.)

புது 450 வாட் எஸ்எம்பிஎஸ் 1,900 ரூபாய். பிரிண்டரைச் சுவரில் தனி பிளக்குக்கு மாற்றினோம். அன்றிலிருந்து மகரவிளக்கு முடிகிற வரை ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை.

கடையில் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், அங்கே என் பிரிண்டர் இல்லை, என் யுபிஎஸ் இல்லை, எப்போது நிற்கிறது என்று என்னிடம் கேட்கவும் இல்லை. அது கவனக்குறைவு, அதை மன்னிக்கலாம். ராமை மாற்றியதை மன்னிக்க முடியாது. 2019 பில்லோடு போய்க் கேட்டேன். "நீங்க கொண்டு வரும்போதே நாலுதான்க்கா இருந்துச்சு" என்றார். பழைய போர்டு எங்கே என்றதற்குக் குப்பையில் போட்டாச்சு என்றார். அது கையில் இருந்தால்தானே அது நிஜமாகவே கெட்டிருந்ததா என்று இன்னொருவரிடம் காட்டலாம்?

கடை தேனி மாவட்டம், நான் இடுக்கி மாவட்டம், எந்த ஊரில் போய்ப் புகார் கொடுப்பது என்று முதலில் தயங்கினேன். எல்லைப் பக்கம் இருக்கிற நாம் எல்லாரும் தயங்குகிற இடம் இதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன். பத்து நாள் கழித்து கடையிலிருந்து போன் வந்தது, வந்து 8 ஜிபி ராம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிவிட்டேன். 2019 பில், கையெழுத்து ரசீது, நோட்டில் எழுதிய பதினோரு வரி, உப்பிய கெப்பாசிட்டரின் படம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். பழைய போர்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதை முதல் கோரிக்கையாகப் போட்டிருக்கிறேன்.